நீக்கிய பக்கம்

அன்புள்ள அப்பா,

என் ஆய்வேட்டில் உங்களைப் பற்றிய பக்கத்தைக் காட்டச் சொன்னீர்கள். அது இல்லை. நேரில் சொல்ல முடியாமல் எழுதுகிறேன்.

தொண்ணூற்றொன்றில், காவிரிக் கலவரத்தின்போது, பீன்யா தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பியோடு வந்தவர்களிடம் தமிழே தெரியாது என்று சொல்லித் தப்பியதை என்னிடம் மட்டும்தான் சொன்னீர்கள். ஆய்வில் பெயரை மாற்றிவிடுவேன் என்றேன். "அப்ப நல்லா ஆபீசர் பேரா வை, கண்ணு" என்று சிரித்தீர்கள்.

வாய்மொழித் தேர்வில், அந்தப் பக்கத்தில் வரும் ஆள் சொல்வது உண்மைதானா என்று தேர்வாளர் கேட்டார். அவர் என் அப்பா என்று சொல்லியிருக்கலாம். "தெரியாது சார்" என்றேன். என் முன்னால் கம்பி இல்லை. பிஸ்கட் தட்டுதான் இருந்தது.

சான்று இல்லை என்று பக்கத்தை நீக்கச் சொன்னார்கள். நீக்கினேன். பட்டம் தந்தார்கள்.

தொம்மலூரில் பார்ப்பவரிடமெல்லாம் "எம் பொண்ணு டாக்டரு" என்கிறீர்களாம். போதும், அப்பா.

உங்கள் மகள்