கடைசிப் பெயர்

புதன்கிழமை, ஆவணி மூன்றாம் நாள்.

படுத்த பிறகும் கன்னியம்மாவின் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை; எழுந்து இதை எழுதுகிறேன். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்காகத் திருமுக்கூடலிலிருந்து வெறும் வயிற்றோடு முதல் ஆளாக வந்தவள். எச்.ஐ.வி. இருப்பதால் ஆபரேஷன் பட்டியலில் அவள் பெயரைக் கடைசியில் எழுதினேன். எப்போதும் அப்படித்தான் எழுதுவேன்.

மணி இரண்டாகியும் அவள் மட்டும் காத்திருந்தாள். ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த பக்கத்துக் கட்டில்காரி கேட்டாள்: "மொத ஆளா வந்தவ நீ. உன்ன மட்டும் இன்னாத்துக்கு இன்னும் கூப்புடல?"

"பிரஷர் ஏறிக்கீதாம்க்கா" என்று சொல்லிவிட்டுக் கன்னியம்மா என்னைப் பார்த்தாள். நானும், "ஆமாம்மா, பிரஷர்தான்" என்றேன்.

ஆபரேஷன் தியேட்டருக்குள் அழைத்துப் போகும்போது மெதுவாகக் கேட்டாள்: "எனக்கு அப்பறம் தியேட்டரக் கழுவணும்னுதான என்னக் கடைசியில வெச்சீங்க? அப்ப மத்தவங்களுக்கு அப்பறம் கழுவறதே இல்லியா சிஸ்டர்?"

கழுவுகிறோம். எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் கழுவுகிறோம்.

டாக்டர் சொன்னதைத்தான் செய்தேன் என்று எழுத வந்தேன். பேனா ஓடவில்லை. எனக்கு முன்பிருந்த சிஸ்டர் பட்டியலில் அப்படி எழுதினார், நானும் எழுதினேன். எந்த டாக்டரும் அப்படி எழுதச் சொன்னதே இல்லை.