கீழ்க்கட்டளைத் தள ஆய்வு

அக். 6, திங்கள்
காலையிலிருந்தே புழுக்கம். கீழ்க்கட்டளையில் கட்டப்போகும் வணிக வளாகத்தின் கோப்பு மாநகராட்சியில் என் மேசைக்கு வந்தது. மரம், விளக்கு, மழைநீர் வடிகால் மூன்றையும் நான் பார்த்து எழுதினால்தான் அனுமதி. வரைபடத்தில் பார்க்கிங் தண்ணீர் முழுக்கப் பின்தெருவுக்குப் போகிறது. அது ஏற்கெனவே பள்ளம். விளக்குகள் எல்லாம் வீட்டு ஜன்னல்களைப் பார்த்தபடி. வாசலில் நிற்கும் பெரிய தூங்குமூஞ்சி மரங்களுக்குப் பதில் தொட்டியில் அலங்காரப் பனைகளாம்.
வாங்க: பால், பூண்டு, அம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை.

அக். 7
பின்தெருச் சங்கச் செயலாளர் தேவராஜ் சார் அலுவலகத்துக்கு வந்தார். ரிடையர்டு கணக்கு வாத்தியார். போன மழையில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். மனைவி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து இன்னும் படுக்கையில். குரலே உயரவில்லை அவருக்கு. வியாழன் காலை தளத்துக்கு வருகிறேன், அதுவரை யாரும் மரத்தைத் தொட முடியாது என்றேன். நம்பினார்.

அக். 9, வியாழன்
நான் போனபோதே முதல் மரம் ரோட்டில் கிடந்தது. ஆய்வுக்கு முன் வெட்டி முடிக்கச் சொல்லிவிட்டு வளாகம் கட்டும் கம்பெனியின் மேனேஜர் காரில் கிளம்பிவிட்டாராம். மிச்சம் நின்றது மிஷின் ரம்பத்தோடு ஒரே ஆள். முருகேசன், குன்றத்தூர், தினக்கூலி. பின்தெருவே அவன்மேல் பாய்ந்தது. செருப்பு, கல், ஹெல்மெட். ரம்பத்தைப் போட்டுவிட்டுக் கும்பிட்டபடி பின்வாங்கினான். "வெட்ட சொன்னாங்கோ, வெட்டினேன். நா இன்னா சார் பண்ணுவேன்."
கும்பிட்ட கைகள்மேல் இரும்புக் குழாய் இறங்கியது. மறுபடி. மறுபடி. எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. குழாயைப் பிடித்திருந்தவர் தேவராஜ் சார்.
குறுக்கே விழுந்தேன். ஓர் அடி என் தோளில். என்னைப் பார்த்தார், யாரென்று தெரியவில்லை அவருக்கு. தெரிந்ததும் குழாயைப் போட்டுவிட்டு, வெட்டிய மரத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அக். 10
தோள் கறுத்துவிட்டது. முறிவு இல்லை.
முருகேசனுக்கு வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். இடது கை மாவுக்கட்டில். ஆஸ்பத்திரி வராண்டாவில் அவன் மனைவி. "யாரு அட்ச்சாங்கன்னு பாத்தியாக்கா?" பார்த்தேன் என்றேன்.
சாயங்காலம் கம்பெனி ஆட்கள் பின்தெருவில் புகுந்து ஜன்னல்களை நொறுக்கினார்களாம். ஒருவருக்கு மண்டை உடைந்து தையல்.

அக். 11, சனி
தேவராஜ் சார் வீட்டுக்கே வந்தார். மரக்கிளை விழுந்துதான் முருகேசன் கை போனது என்று தெருவே போலீஸில் சொல்லப் போகிறதாம். "நீங்களும் அப்படியே சொல்லிடுங்கம்மா. படுக்கையில கிடக்கிறவளைத் தூக்கி உட்கார வைக்க என்னை விட்டா ஆளில்ல."
அவரை விட்டால் ஆளில்லை என்பது பொய் இல்லை. காபி கொடுத்தேன்.
அவர் போனதும் அம்மா: "நல்ல மனுஷன்டி. விட்டுடேன்."

அக். 13, திங்கள்
விடாத மழை.
முதலில் கோப்பு. வடிகால் தவறு, விளக்கு தவறு, மரத்தை வெட்டியது குற்றம், அனுமதி தரக் கூடாது. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பிறகு போலீஸ் ஸ்டேஷன். கிளை விழுந்ததாமே என்றார் இன்ஸ்பெக்டர். இல்லை என்றேன். அடித்தவர் பெயரைச் சொன்னேன்.
தேவராஜ் சார் வெளியே பெஞ்சில்தான் இருந்தார். நான் சொன்னது கேட்டிருக்கும். எழுந்து நின்றார்.
"பர்மிஷன் குடுத்துட்டாங்களாம்மா?"
"தரக் கூடாதுன்னு எழுதிட்டேன் சார்."
தலையாட்டினார். உள்ளே கூப்பிட்டார்கள், போனார்.
அங்கிருந்து நேராக அவர் வீட்டுக்கு. கதவு திறந்தே கிடந்தது. பெயர் சொன்னது நான்தான் என்று அவர் மனைவிக்கு யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கிச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தேன். உட்கார்ந்ததும் ஓங்கி என் கன்னத்தில் அறைந்தார். இன்னொன்றும்.
அடுக்களையில் கஞ்சி இருந்தது. சுட வைத்துக் கொண்டுவந்தேன்.