கூரை வண்ணத்துப்பூச்சியான கதை

அன்புள்ள அம்மாவுக்கு,

ஹாம்பர்க்கிலிருந்து யெஸ்பரின் வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நலம், என் காலுறைகள்தான் நலமில்லை.

நேற்று அலுவலகக் கணினியில் மழலையர் பள்ளிக்குக் கூரை வரைந்தேன். மூலைகளைச் சுற்றிவர வரிசையாகச் சொடுக்க வேண்டும். நான் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே தாவியதில் கூரை முறுக்கிக்கொண்டு வண்ணத்துப்பூச்சியாகிவிட்டது. பாதி அறைகள் வானம் பார்த்தன.

மேலாளர் பிராடர்சன் அம்மையார் பார்த்துவிட்டார். "ஏன்டா, பிள்ளைங்க மழையிலயா தூங்கும்?"

"குளிப்பாட்டுற வேலை மிச்சம் மேடம்."

யாரும் சிரிக்கவில்லை. என்னைப் பயிற்சியில் தொடர விடுவதா என்று அவர் முடிவெடுக்கும் வாரம் இது.

"திங்கக்கிழமை எல்லாருக்கும் கேக் கொண்டு வா." இங்கே தப்புச் செய்தவர்தான் கேக் சுட வேண்டும்.

"அப்போ என்னை அனுப்பலையா?"

"அனுப்பப் போறவன்கிட்ட யாருடா கேக் கேப்பா? போய்க் கூரையை மூடு!"

அம்மா, உன் பிளம்ஸ் கேக் செய்முறையை உடனே அனுப்பு. முடிந்தால் ஞாயிறன்று நீயே ரயிலேறி வா. மாவு நானே பிசைவேன். பிசையும்போது பேசத்தான் ஆளில்லை. நிறுத்தத்தில் நின்று எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது!

உன் யெஸ்பர்