மூன்று நெல்மணி

ஆரணி

அன்பு மகள் இளமதிக்கு உன் பெரியப்பா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, எனக்கு மனசுதான் கொதிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் மெல்போர்ன் குளிரில் சுகமாயிருக்க வேண்டும். போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவாய், அதனால்தான் கடிதம், பட்டறைப் பையன் இதைப் படம் பிடித்து இன்றைக்கே உன் போனுக்கு அனுப்புவான். ஆறாம் வகுப்போடு நின்றவன், பிழையைப் பொறுத்துக்கொள்.

சென்னையில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் தணிகாசலம் போன வாரம் வந்தான். பழைய மாதிரியில் பன்னிரண்டு எழுதுமேசை வேண்டுமாம். என் கைக்கு அது ஒரு வேலையா, நான் செய்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பிரெஞ்சுக்காரனே அழுதிருக்கிறான், பார்த்த இரண்டு பேரில் ஒருத்தர் இன்னும் உயிரோடு இருக்கிறார். ஆனால் இவன், அந்த நெல்லு மட்டும் வாணாம்ணே, பழசுன்னு சொல்லி வித்துகினு இருக்கறப்ப அது ஒரே பேஜாரு என்கிறான். நம் பட்டறையில் புதிதாய்ச் செய்யும் ஒவ்வொன்றின் அடியிலும் மூன்று நெல்மணி செதுக்குவது உன் தாத்தா வைத்த வழக்கம், இது பழசில்லை, நாங்கள் செய்தது என்று வாங்குகிறவனுக்குத் தெரிய. அதை நம்பித்தான் களம்பூர் மில்காரர் முதல் வேலூர் டாக்டர் வரை கண்ணை மூடிக்கொண்டு நம்மிடம் வாங்குகிறார்கள். நான் கத்துவதற்குள் உன் அப்பன் முந்திக்கொண்டு, உட்டுடுண்ணா, ஆறு மாசத்துக்கு வேல இருக்குது, குறி இல்லன்னா மேசை நிக்காதா என்றான். கூடப் பிறந்தவன் பேசுகிற பேச்சா இது?

அதோடு நின்றதா? கீல் ஆடுகிறது என்று வேனிலிருந்து ஓர் அலமாரியை இறக்கினான் தணிகாசலம். ஜமீன் சரக்காம், நூற்றைம்பது வருடமாம். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, என் கைவேலை. வலது கதவுத் தாமரையில் எட்டு இதழ், இடதில் ஏழு. அம்மாடி, அந்த எட்டாவது இதழுக்கு உளி வைத்த நேரத்தில்தான் நீ பிறந்த சேதி வந்தது. போட்டது போட்டபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், திரும்பி வந்த சந்தோஷத்தில் அப்படியே மெருகு போட்டு அனுப்பியும்விட்டேன். அடியில் பார்த்தால், நெல்மணியை எவனோ இழைப்புளியால் வழித்திருக்கிறான். யோவ், எம்மவ பொறந்த அன்னிக்குப் பண்ணதுயா இது, அவள ஆயாவுக்கு ஆயாவாக்கறியா என்று கேட்டேன். அதாண்ணே உங்க கை, ஒருத்தனாலயும் கண்டுபுடிக்க முடியல என்று சிரிக்கிறான். புகழ்ச்சிக்கு மயங்குகிறவன்தான் நான், ஆனால் இது செருப்படி மாதிரி இருந்தது. கீலைச் சரிசெய்தேன், அதே இடத்தில் மூன்று நெல்லையும் மறுபடி வெட்டித்தான் கொடுத்தேன். அவன் போட்ட கூச்சலுக்கு அக்கம்பக்கத்து நெசவாளிகள் தறியை நிறுத்திவிட்டு ஐந்நூறு பேர் கூடிவிட்டார்கள்.

உன் அப்பன் பின்னாலேயே ஓடிச் சமாதானம் பேசி, மேசைகளைக் குறி இல்லாமலே தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். நாலு ஆள் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பது எனக்கும் தெரியும், அதற்காகவா? தாத்தா பட்டறையை மூன்று பேருக்கு எழுதினார், எனக்கு, அவனுக்கு, உனக்கு, இரண்டு பேர் சொல்வதுதான் முடிவு. அவன் கேட்டதற்கு, உங்க இஷ்டம்ப்பா என்றாயாமே! அவன் இஷ்டம் என்னவென்று இப்போது தெரிந்துகொண்டாய். திங்கட்கிழமை மரம் அறுக்கப் போகிறான். அதற்குள் முடியாது என்று ஒரு வார்த்தை சொல். சொல்லாவிட்டால் உன்மேல் கோபமில்லை, ஆனால் அந்த மேசைகளில் என் உளி படாது. அவனே செதுக்கட்டும், அவன் கையில் அன்னப்பறவை வாத்தாகத்தான் வரும்.

பெரியம்மா சனிக்கிழமை தவறாமல் தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னாள். நீங்கள் இருவரும் ஒரு குறையுமில்லாமல் நீடு வாழ வேண்டும். திங்கட்கிழமை, மறக்காதே.

உன்னைத் தோளில் தூக்கி வளர்த்த பெரியப்பன்,
ஜெயவேல்