பதிலுக்கு ஆர் வருவினம்?

ஈஸ்ட் ஹாம்,
லண்டன்.

என்ரை அன்பு மகள் மயூராவுக்கு,

இஞ்சை நானும் சித்தியும் பிள்ளையார் தயவிலை எழும்பி நடமாடுறம். அங்கை அமெரிக்காவிலை நீயும் குளிரிலை விறைக்காமல் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாய் இருப்பாய் என்ற நம்பிக்கையோடை எழுதுறன். போனிலை சொல்லலாம்தான், ஆனால் நீ பாதியிலை சிரிச்சுப்போட்டு மீற்றிங் சித்தப்பா என்று வைச்சிடுவாய், கடிதத்தை அப்பிடி வைக்கேலாது, அதாலை முழுக்க வாசி. நீ இந்த மாசக் கடைசியிலை லண்டனிலை வந்து இறங்க முதல் உனக்கு ஒரு விசயம் தெரியவேணும். நீ கலியாணம் கட்டத்தான் வாறாய் என்று எங்கடை பக்கத்து ஊர் பார்க்கிங்கிலை ஒரு வீட்டிலை நினைச்சுக்கொண்டு இருந்தவை. பதறாதை, நான் எல்லாத்தையும் சரிப்பண்ணிப்போட்டன். சரிப்பண்ணின மாதிரித்தான் எனக்குத் தெரியுது. தொடக்கத்திலை இருந்து ஒழுங்காய்ச் சொன்னால்தான் உனக்கும் விளங்கும், எழுதி முடிய எனக்கும் ஒருவேளை விளங்கும்.

ஹோட்டலுக்குக் கோடைகால வேலைக்கு ஆள் எடுக்க லண்டன் வாறன், எக்ஸ்சேஞ்ச் புரோகிராம், கலாசாரப் பரிமாற்றம், யூனிவர்சிற்றிப் பிள்ளையளைத்தான் எடுக்கிறது என்று நீ சொன்னனியெல்லோ. அடுத்த நாள் ஹை ஸ்ரீற்றிலை மீன் வாங்க நிக்கேக்கை நான் உள்ளதைத்தான் சொன்னனான். என்ரை மகள் அமெரிக்காவிலை ஏரிக்கரையிலை இருக்கிற ஹோட்டலுக்கு ஆள் எடுக்கிற தலைமை அதிகாரி, பெருவுக்குப் போய் ஆள் எடுத்தவள், அது பெரிய நாடு எண்டபடியாத்தான் பெரு எண்டு பேர், ஆர்ஜென்ரீனாவிலை இவள் வந்து இறங்க பாண்ட் அடிச்சவங்கள் என்று. பாண்ட் அடிச்சது உண்மையோ தெரியாது, அடிச்சிருந்தாலும் பிழையில்லை. எனக்குப் பின்னாலை நிண்டது ஆனந்தராஜா. உனக்கு ஞாபகம் இருக்கும், பிரான்சிலை இருந்து வந்து ரைல்ஸ் பதிக்கிறவன், எங்கடை பாத்ரூமைச் செய்து தந்ததும் அவன்தான். அண்ணை, எக்ஸ்சேஞ்ச் எண்டால் என்ன மாதிரி எண்டு கேட்டான். தெரியாது எண்டு சொல்லுறது எனக்குப் பழக்கமில்லை. இது தெரியாதோடா, எங்கடை ஆக்கள் மாத்துச் சம்பந்தம் செய்யிறேல்லையோ, இந்த வீட்டுப் பொம்பிளைப்பிள்ளையை அங்கை குடுத்து அந்த வீட்டுப் பொம்பிளைப்பிள்ளையை இஞ்சை எடுக்கிறது, அதேதான் இதுவும், அவங்கள் அதுக்கு இங்கிலீசிலை பேர் வைச்சிருக்கிறாங்கள் எண்டன். அப்ப என்ரை மகள் விதுஷாவை எடுப்பினமோ அண்ணை எண்டான். ஏன் எடுக்காமல், எடுக்கிறது ஆர், என்ரை மகளெல்லோ எண்டு நானும் விட்டன். அண்டைக்கு என்ரை மீன் பையை பஸ் வரைக்கும் அவன்தான் தூக்கிக்கொண்டு வந்தான்.

அந்தப் பிள்ளை விதுஷா யூனிவர்சிற்றியிலை கடைசி வருசம். உன்ரை புரோகிராமுக்கு அவள் தானாவே எழுதிப்போட்டு, மாசக் கடைசிச் சனிக்கிழமை லண்டன் ஹோட்டலிலை நீ நடத்துற இன்ரவியூவுக்குக் கூப்பிட்டும் இருக்கு. தகப்பன்தான் தனியப் போகேலாது எண்டு போன வருசமும் மறிச்சவன், இந்த வருசமும் மறிச்சவன். என்னோடை கதைச்ச பிறகுதான் ஓம் எண்டவன். எனக்கு இதெல்லாம் அப்ப தெரியாது. என்ரை பேச்சிலை ஒரு பிள்ளைக்கு வழி பிறந்திட்டுது எண்டு சித்தியிட்டைப் பெருமையாய்ச் சொன்னன். நீங்கள் வாயைத் திறந்தால் ஆருக்கோ விசா கிடைக்குது, எனக்கு ஒரு தேத்தண்ணி கிடைக்குதில்லை எண்டு அவ சொன்னா.

அடுத்த ஞாயிறு ஆனந்தராஜாவும் மனிசி நாகேஸ்வரியும் மகன் கௌசிகனும் பலகாரத் தட்டோடை வந்து இறங்கிச்சினம். நன்றி சொல்ல வருகினம் எண்டுதான் நான் நினைச்சன். மயூரா எப்ப வாறா, அவவுக்கு என்ன நட்சத்திரம் எண்டு நாகேஸ்வரி கேட்டா. அமெரிக்காக்காரன் எதையும் கேப்பான், விசாவுக்காக்கும் எண்டு நினைச்சு நான் உத்தரம் எண்டு சொன்னன். கௌசிகன் நல்ல பெடியன், அயர்ன் பண்ணின சேட்டோடை நிலத்தைப் பாத்துக்கொண்டு இருந்தான். போகேக்கை மட்டும், அங்கிள், அவ இதுக்கு ஓகேயா எண்டு மெல்லமாய்க் கேட்டான். தங்கச்சியின்ரை இன்ரவியூவைக் கேக்கிறான் எண்டு நினைச்சு, அவளுக்கு டபிள் ஓகே, நீ யோசியாதை எண்டு முதுகிலை தட்டி அனுப்பினன். பெடியன்ரை முகம் ஏன் அப்பிடிக் கறுத்தது எண்டு எனக்கு அப்ப விளங்கேல்லை.

விதுஷா வந்து சொல்லத்தான் விளங்கினது. யூனிவர்சிற்றியாலை நேரே எங்கடை வீட்டுக்கு வந்தாள், சப்பாத்தும் கழட்டேல்லை. அங்கிள், வாட் டிட் யூ ரெல் மை டாட், அப்பாட்டை என்ன சொன்னனீங்கள், எனக்கு அமெரிக்காவாம், அண்ணாக்கு மயூரா அக்காவாம், கோயில்லை நாள் பாக்கக் குடுத்தாச்சு எண்டாள். சித்தி பிரிஜ்ஜைப் பிடிச்சுக்கொண்டு சிரிக்கிறா. பிள்ளை சிரிக்கேல்லை, கண் கலங்கிப்போச்சு. உண்மையைச் சொன்னால் அப்பா என்னை விடமாட்டார், சொல்லாட்டி இன்ரவியூ நடக்கிற இடத்திலை பூமாலையோடை வந்து நிப்பார், பிறகு என்னை ஆர் எடுப்பினம், அடுத்த வருசம் நான் ஸ்ருடன்ற் இல்லை அங்கிள், பிறகு கேக்கவே ஏலாது எண்டாள். உனக்கு வயசு வந்திட்டுதே, நீயே கையெழுத்து வைக்கலாமே எண்டன். வைக்கலாம் அங்கிள், ஆனால் அவரோடை சண்டை பிடிச்சுப் போய் நான் அங்கை என்னெண்டு சந்தோசமாய் இருக்கிறது எண்டாள். உண்மையைச் சொன்னால், கலியாணம் எங்கை வந்து புகுந்தது எண்டு எனக்கு அப்பவும் பிடிபடேல்லை. சித்திதான் நான் சொன்ன மாத்துச் சம்பந்தத்தை எனக்கே திருப்பிச் சொல்லி விளங்கப்படுத்தினா.

அதுக்குப் பிறகு நான் சும்மா இருப்பனோ. விதுஷாவையும் கூட்டிக்கொண்டு நேரே பார்க்கிங் போனன். ஆனந்தராஜாவைக் கதிரையிலை இருத்தி, தம்பி, அமெரிக்காவிலை ஒரு சட்டம் இருக்கு, ஆள் எடுக்க வாற அதிகாரி தான் எடுக்கிற பிள்ளையின்ரை வீட்டோடை கொள்வினை குடுப்பினை வைக்கேலாது, மீறினால் ரெண்டு பேரும் உள்ளுக்கு எண்டு ஒரு போடு போட்டன். அவன் சட்டமோ எண்டான். சட்டம் எண்டன். நாகேஸ்வரிக்கு முகம் வாடிப்போச்சு, உன்ரை நட்சத்திரம் நல்லாய்ப் பொருந்தினதாம். கௌசிகன் பின்னாலை நிண்டு ஒரு பெருமூச்சு விட்டான் பார், யன்னல் சீலை ஆடினது. வாசலுக்கு வந்து, தாங்ஸ் அங்கிள், எனக்கு ஒரு ஆள் இருக்கு, வீட்டிலை இன்னும் சொல்லேல்லை எண்டு காதுக்குள்ளை சொன்னான். இது வேறை ஆரின்ரை காதுக்கும் போகக்கூடாது மகள், என்ரை வாய் எப்பிடி எண்டு உனக்குத் தெரியும்.

ஆனால் ஆனந்தராஜா சட்டத்தோடை விடேல்லை. சரி அண்ணை, மாத்து இல்லையெண்டால் இல்லை, அப்ப நாங்கள் பிள்ளையைக் குடுத்தால் பதிலுக்கு எங்களுக்கு ஆர் வருவினம் எண்டு கேட்டான். இது எனக்கும் இண்டைவரைக்கும் குழப்பம்தான். பரிமாற்றம் என்றால் அங்கையிருந்தும் ஒராள் வரவேணுமெல்லோ. எதுக்கும் இருக்கட்டும் என்று சின்ன அறையைத் துப்பரவாக்கிக் கட்டிலும் போட்டு வைச்சனான், ஒரு அமெரிக்கன் வந்து நிண்டால் எங்கை படுக்கவிடுறது. சித்தி அதிலை உடுப்புக் காயப்போட்டிருக்கிறா. கலாசாரம் எண்டுபோட்டு ஹோட்டலிலை கட்டில் விரிக்கிற வேலை எண்டு விதுஷா சொல்லுறாள், கட்டில் விரிக்கிறதிலை என்ன கலாசாரம் எண்டும் எனக்குப் பிடிபடேல்லை. நீ நேரிலை வந்து சொல்லு.

விதுஷாதான் மறுமொழி சொன்னாள். ஒருத்தரும் வரமாட்டினம் அப்பா, கோடை முடிய நான்தான் திரும்பி வருவன், அதுதான் எக்ஸ்சேஞ்ச் எண்டாள். அவன் அவளைப் பாக்கேல்லை, என்னைப் பாத்தான். அண்ணை, உங்கடை மயூராவும் கொஞ்சக் காலம் நிண்டிட்டு வாறன் எண்டுதானே அமெரிக்கா போனவ, திரும்பி வந்தவவோ எண்டான். உன்ரை அப்பா, என்ரை அண்ணை, போய்ச்சேர்ந்த நாளிலை இருந்து நான் தோளிலை தூக்கி வளத்த பிள்ளையைப் பற்றி ஒருத்தன் அப்பிடிக் கேட்டால் நான் வாய்க்கு வந்ததைக் கொட்டுறவன், உனக்குத் தெரியும். அண்டைக்கு, வாறாள்தானே, இந்த மாசக் கடைசியிலை வீட்டுக்கு வாறாள் எண்டு மட்டும் சொன்னன். அப்ப அவன் சொன்னான், சரி அண்ணை, மயூரா உங்கடை வீட்டு வாசல் ஏறி வாறதை என்ரை கண்ணாலை கண்டால் நான் விதுஷாவை விடுறன் எண்டு.

நேரமில்லை சித்தப்பா, ஏர்போட்டாலை ஹோட்டல், ஹோட்டலாலை ஏர்போட், முடிஞ்சால் பாப்பம் எண்டு நீ போனிலை சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு. அவனுக்கு அதை நான் சொல்லேல்லை. மகள், விதுஷாவை எடுக்கிறதும் விடுறதும் உன்ரை வேலை, எனக்காக எடுக்காதை, என்னைத் தெரியும் எண்டு காட்டிக்கொள்ள வேண்டாம் எண்டு அவளுக்கும் சொல்லி வைச்சிருக்கிறன். ஆனால் இன்ரவியூவுக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை பின்னேரம் நீ ஈஸ்ட் ஹாமுக்கு வா. ஆனந்தராஜா குடும்பத்தையும் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறன். போன பிள்ளை திரும்பி வந்து சோறு போட்டுச் சாப்பிடுறதை அந்த மனிசன் ஒருக்கால் பாக்கட்டும். இந்தக் கடிதத்திலை அங்கை இங்கை கொஞ்சம் கூட்டி எழுதியிருப்பன், ஆனால் இந்தக் கடைசி விசயத்திலை ஒரு சொல்லும் கூட்டேல்லை. சந்தேகம் எண்டால் சித்தியைக் கேள்.

குளிர் உடுப்பை மறக்காதை, பிளேனிலை தாற சாப்பாட்டை நம்பி வயித்தைக் காயப்போடாதை. அந்தச் சட்டத்தைப் பற்றி ஆனந்தராஜா கேட்டால் தலையை ஒருக்கால் ஆட்டிவிடு, வாயாலை ஒண்டும் சொல்லவேண்டாம், மிச்சத்தை நான் பாக்கிறன். எல்லாத் தெய்வமும் உனக்குப் பக்கத்துணையாய் நிக்கட்டும், நீ தொட்டதெல்லாம் விளங்கட்டும். சித்தி கணவாய்க் கறி வைக்கிறதோ இறால் வைக்கிறதோ எண்டு கேக்கிறா. ரெண்டையும் வை, பிள்ளை வருவாள் எண்டு சொல்லிப்போட்டன்.

இப்படிக்கு,
உன்ரை வரவைப் பாத்துக்கொண்டிருக்கும்
சித்தப்பா கணேசலிங்கம்