நடுப்பலகை

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கச்சான் காற்று. நாலு நாளாக வாயெல்லாம் மண். கொடியில் போட்ட சட்டை இரண்டும் பக்கத்து வளவில்.

காலைப் பூசையில் பீடம் சரிந்தது. காணிக்கை நேரம். ஒரு கால் அப்படியே உள்ளே இறங்கி. பாதர் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டார், மெழுகுதிரி மட்டும் உருண்டது. கறையான். வெளியே பூச்சு, உள்ளே வெறும் மண். மிச்சப் பூசைக்கு அப்பா ஒரு பக்கம், பங்குச்சபைச் செயலாளர் மாஸ்டர் மறுபக்கம், தாங்கிப் பிடித்தபடி. அந்தப் பீடம் செய்தது வேறு யாரோ. ஆனாலும் அப்பா தச்சர் அல்லவா, வெட்கம் அவருக்கு.

திருநாளுக்கு மூன்று கிழமை.

பின்னேரம் அப்பா பட்டறையில் சும்மா இருந்தார். சும்மா இருக்கிற ஆள் இல்லை. கண் மேலே, கூரை வளையில். அங்கே இருப்பது என் மூன்று முதிரைப் பலகைகள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

கேட்டுவிட்டார். தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தபடி. "புள்ள, அந்தப் பலகை உண்ட சாமான். நீ ஓம் எண்டாத்தான்."

நான் பிறந்த வருசம் அம்மாவின் வளவில் காற்றுக்கு விழுந்த மரம். இந்தப் பக்கம் வீடு வளவு தாய்வழிச் சொத்து, அதில் விழுந்த மரமும் அப்படியே. அப்பா அரிந்து மேலே ஏற்றிவிட்டார், என் கலியாண அலுமாரிக்கு. இருபத்தாறு வருசம். சின்னதில் மழை நாட்களில் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பேன். சிநேகிதிகளுக்கு நகை சேர்ந்தது, எனக்கு மரம். அலுமாரி மனதில் முழுதாக இருக்கிறது. ஐந்து தட்டு. நாலு புத்தகத்துக்கு. சேலைக்கு ஒன்று போதும்.

அம்மா கேட்டது, அடுப்படியிலிருந்து: கலியாணம் பேசி வருகிற ஆட்களுக்கு எதைக் காட்டுவது? தண்ணீர் பட்டால் ஊதுகிற கடை அலுமாரியையா?

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 6, புதன்

வந்தாறுமூலை பஸ்ஸில் இடமில்லை, போக வர நின்றபடி. நான் வேலை செய்கிற நூலகத்தில் திரும்பி வந்த புத்தகம் மலை மாதிரி. என் புத்தகத்துக்கு நாலு தட்டு என்று முந்தாநாள் கணக்குப் போட்டேன், ஆறு வேண்டும்.

இரவுச் சாப்பாட்டில் என் முடிவு: ஓரப்பலகை இரண்டும் கோயிலுக்கு. நடுப்பலகை எனக்கு. அதுதான் அகலம், இரண்டடிக்கு மேல், ஒரு வெடிப்பில்லை, கணுக் கண்ணில்லை. அது இருந்தால் அலுமாரிக்கு முகம் இருக்கும். மற்றதற்கு வேறு மரம் பார்க்கலாம். நியாயமான ஏற்பாடு.

அப்பா ஓம் என்றார். அந்த ஓம் கொஞ்சம் பிந்தி வந்தது. அம்மாவுக்கு இரண்டு பேருடனும் பேச்சில்லை.

ஆகஸ்ட் 9, சனி

இன்று நடந்தது. ஒழுங்காக எழுத வேண்டும், பிறகு மாற்றி ஞாபகம் வைக்கக்கூடாது.

ஓரப்பலகைகளை இறக்கி முற்றத்தில் சேர்த்து வைத்தோம். ஒன்றில் கண் விழுந்து ஓட்டை. இரண்டையும் சேர்த்து ஒட்டினால் பீடத்தின் நட்டநடுவில் கோடு. கிண்ணம் வைக்கிற இடம். அப்பா மூன்று தரம் அளந்தார்.

சீவக் கொண்டுபோக ஓட்டமாவடி மர மில்லுக்கார நானா லொறியோடு வந்தார். மேலே மிஞ்சியிருந்ததை அண்ணாந்து பார்த்தார். "மூணு வருசத்துக்கு முன்ன எங்கட பள்ளிவாசல் கதவுக்குக் கேட்டன், புள்ளைக்கு எண்டீங்க. இப்ப உங்கட ஆண்டவனுக்கும் அதே பதில்தானா, தச்சரே?"

அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போது அம்மா, மூன்று நாளைக்குப் பிறகு முதல் வார்த்தை, என்னைப் பார்த்து: "ஆளப் பந்தியில இருத்திப்போட்டு அடிச்சட்டிச் சோத்தப் போடுறயா கா? குடுக்கிறதெண்டா நடுவக் குடு. இல்லாட்டி ஒண்டையும் குடுக்காத."

வேதம் முழுக்க முதல் கதிர், முதல் ஈற்று என்றுதான் வருகிறது. மிச்சத்தைக் கொண்டுவா என்று எங்கேயும் இல்லை. நூலகக்காரி எனக்கு அது தெரியாதா. தெரியும். தெரிந்துகொண்டுதான் ஓரத்தைக் கொடுத்தேன்.

ஏணியில் நானே ஏறினேன். கயிற்றை நானே அவிழ்த்தேன். முடிச்சு இறுகி நகம் உடைந்தது.

நடுப்பலகை: பீடத்தின் மேல்.
ஓரப்பலகை இரண்டு: கால், சட்டம்.
அலுமாரி: இல்லை.

ஆகஸ்ட் 16, சனி

பட்டறை முழுக்க மஞ்சள் சீவல் சுருள். என் மரத்துக்கு இந்த நிறம் என்று இத்தனை வருசமும் தெரியாது. தண்ணீர் தெளித்துத் துடைத்தால் உள்ளே அலை ஓடுகிறது, வெயில் நேரத்து வாவி மாதிரி. போகிற வருகிற ஆட்கள் சைக்கிளை நிறுத்திப் பார்க்கிறார்கள். எண்ட மரம் என்று சொல்ல வாய் துடிக்கிறது. இரண்டு பேரிடம் சொல்லியும்விட்டேன்.

அப்பா அடிப்பக்கத்தையும் இழைக்கிறார். யாரும் பார்க்காத பக்கம். ஏன் என்று கேட்டேன், பெரிதாக ஏதோ சொல்வார் என்று. "கறையான் கீழாலதான் ஏறும்" என்றார்.

மாஸ்டர் வந்தார். பெயர்த் தகட்டுக்கு யார் பெயர்? எங்கள் கோயிலில் பெயரில்லாத சாமான் இல்லை. காற்றாடி இறக்கையில் பெயர், மணிக்கூட்டில் பெயர், ஆர்மோனியத்தில், பிளாஸ்ரிக் கதிரையின் முதுகில். அப்பா என் பெயரைச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பேசாமல் இருந்தேன். சந்தோசம். பித்தளையில் எப்படி இருக்கும் என்று எழுதிக்கூடப் பார்த்தேன், பழைய ரசீதின் பின்பக்கத்தில்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு. திருநாள்

காற்று விழுந்துவிட்டது. வாவி கண்ணாடி.

நேற்றுப் பீடத்தை ஆறு பேர் தூக்கிப்போய் வைத்தார்கள். இன்று விடிய மாஸ்டர் மேற்பலகையின் முன்விளிம்பில் தகட்டைப் பூட்டியிருக்கிறார். அப்பா அப்போது குளிக்கப் போயிருந்தார். நாங்கள் உள்ளே போனபோது சந்தியில் கடை வைத்திருக்கிற மாமி பீடத்தடியில் வாய் பொத்தி அழுகிறா. என்னைக் கண்டதும் நெஞ்சில் சிலுவை போட்டா.

தகட்டில்: அமரர் றெஜினா அவர்களின் ஞாபகார்த்தமாக. அன்பளிப்பு, குடும்பத்தினர். றெஜினா நான்தான்.

மாஸ்டர் மணிக்கூட்டுத் தகட்டைப் பார்த்து, பெயரை மட்டும் மாற்றி, புளியந்தீவில் வெட்டக் கொடுத்திருக்கிறார். எங்கள் கோயிலுக்கு உயிரோடு இருக்கிற ஆள் கொடுத்த சாமான் இதுதான் முதல் போல. பாவம், ஐந்தாம் வகுப்பில் என் கணக்குப் பிழைக்குக் காதைத் திருகிய மனுசன், இன்று தன் காதையே பிடித்துக்கொண்டு நின்றார்.

அம்மா சும்மா விடவில்லை. "எண்ட புள்ள இந்தா குத்துக்கல்லு மாதிரி நிக்கிறாள், மாஸ்டர்." பின்வரிசையில் சிரிப்பு. பாதரும் திரும்பி நின்று தோள் குலுங்க.

அடுத்த ஞாயிறு சரியான தகடு, தானே பக்கத்தில் நின்று வெட்டுவிக்கிறேன் என்றார் மாஸ்டர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உள்ளதை எழுதுகிறேன், ஒரு கணம் அந்தப் பித்தளை கண்ணுக்குள் மினுங்கியது. பிறகு மேற்பலகையைப் பார்த்தேன். ஒட்டில்லை, கோடில்லை. இதில் இரண்டு ஆணி எதற்கு?

"தகடு வேணாம் மாஸ்டர்" என்றேன். "அது இனி எண்டயும் இல்ல."

அப்பா முன்னால் வந்தார். சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். திருநாள் உடுப்பில் யார் அதை வைத்துக்கொண்டு வருவார்கள்? அப்பா வருவார். கழற்றினார். ஓட்டை இரண்டிலும், பட்டறையிலிருந்து எடுப்பித்த பசையும் அதே மரத்தின் தூளும் குழைத்து அடைத்தார். பீடத்துணி விரித்தார்கள். மணி அடித்தது.

பாதர் கிண்ணத்தை உயர்த்தி இறக்கியபோது மரத்தில் பட்டு ஒரு சத்தம். நல்ல இறுக்கமான சத்தம். என் நெஞ்சு அப்படியே நிமிர்ந்தது. பெருமை பாவமாம். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாம். இந்தக் கிழமை இல்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

லீவு. தகடு கோழிக்கூட்டுக் கதவில், எழுத்து உள்பக்கம். அம்மாவின் வேலை. கோழிகளுக்கு மட்டும் நான் அமரர்.

புத்தகங்கள் அரிசிப் பெட்டியின் மேலேயே இருக்கின்றன.

பின்னேரம் கோயில் கூட்டப் போனேன். ஆளில்லை. துணிக்குக் கீழே விரலை விட்டு, அடைத்த ஓட்டைகளைத் தடவித் தேடினேன். அப்பாவின் கை வேலை, லேசில் அகப்படவில்லை. இரண்டாம் தரம்தான் கண்டுபிடித்தேன், ஒன்று, பிறகு மற்றது.