உம்முடைய மனு திரும்பி வந்தது

இன்று காலை பதினொன்று இருபதுக்கு உம்முடைய பெயருக்கு ஓர் உறை வந்தது. கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும் என்றான் கொண்டுவந்தவன். உமக்காக, உம்முடைய புருசன் நான் போட்டேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை.

உள்ளே உம்முடைய மனு. அமெரிக்க எல்லையால் கனடாவுக்குத் தஞ்சம் கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்பும் சட்டத்தை நீக்கச் சொல்லி, இந்தக் கட்டடத்தில் கதவு கதவாகத் தட்டி நீர் சேர்த்த தாள்கள். எங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்திலிருந்து ஒரு குறிப்பும் இருந்தது. ஒருவருக்காக இன்னொருவர் போட்ட கையெழுத்துகள் செல்லாதாம். அவற்றைக் கழித்தால் பாராளுமன்றத்தில் வைப்பதற்குப் போதாதாம். வருந்துகிறார்களாம். நீர் இறந்தது அவர்களுக்குத் தெரியாது. கையெழுத்துக்காகத்தான் வருந்துகிறார்கள்.

ஐந்தாம் மாடி அங்கிளிடம் போன நாள் நினைவிருக்கிறதா? நீர் தாள்களோடு முன்னுக்கு, நான் பேனைகளோடு பின்னுக்கு. கதவைப் பாதி திறந்தபடி நின்றார்.

"உவையள் எல்லாம் வந்து குவிஞ்சா எங்கட பிள்ளையளுக்கு வேலை எங்கை, பிள்ளை?"

"அங்கிள், நீங்கள் எந்த வழியாலை வந்தனீங்கள்?"

"பஃபலோவாலை, அமெரிக்காப் பக்கத்தாலைதான். அது வேற. எங்கட ஊரிலை சண்டை."

"சூடானிலை என்ன, கிரிக்கெட்டே நடக்குது?"

அங்கிளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு உள்ளே போய்விட்டீர். "முந்தி அமெரிக்காவிலை அடிமையளாய் இருந்த சனம் தப்பி ஓடினா, பிடிச்சுத் திருப்பிக் குடுக்கவேணுமெண்டு சட்டம், அங்கிள். அதை எடுக்கச் சொல்லி ஆக்கள் இப்பிடித்தான் கையெழுத்து வாங்கினவை. தப்பினவையிலை கொஞ்சப்பேர் இஞ்சை, ரொறன்ரோவுக்குத்தான் வந்து சேர்ந்தவை. இப்ப பிடிச்சுத் திருப்பிக் குடுக்கிறது நாங்கள்."

அங்கிள் பேனையை வாங்கினார். தன் பெயரைப் போட்டார். பிறகு அன்ரியின் பெயர், மாமியாரின் பெயர், இரண்டு மகன்மாரின் பெயர், எல்லாவற்றுக்கும் எதிரே தானே கையெழுத்தும் போட்டார். "என்ர வீடு. நான் போட்டா எல்லாரும் போட்ட மாதிரி." அன்ரி குசினியில் ஏதோ தாளித்துக்கொண்டிருந்தார்.

உது பிழை என்று லிஃப்டில் சொன்னேன். "விடுங்கோப்பா. அந்த மனிசனுக்கு ரோசம் வந்தா மிச்சக் கதவும் திறக்காது" என்றீர். அதற்குப் பிறகு எல்லா வீட்டிலும் அதே கதைதான். கோயில் அர்ச்சனைக்குப் பெயர் கொடுப்பதுபோல வீட்டுக்கு ஓர் ஆண் எழுதித் தந்தார். ஒருவர் நட்சத்திரமும் போட்டிருந்தார்.

அன்றிரவு சாப்பிடும்போது அடிமைச் சட்டமும் இதுவும் ஒன்றல்ல என்று நான் வாதாடினேன். நீர் வேலை செய்த அகதிகள் விடுதியில் ஒரு சூடான் பெண் இருந்தாள். அவளுடைய தங்கையைக் கைக்குழந்தையோடு எல்லைப் பாலத்தில் வைத்துத் திருப்பிவிட்டார்கள். அமெரிக்காவில் தடுத்து வைத்திருக்கிறார்கள், ஊருக்கு அனுப்பினாலும் அனுப்புவார்கள். "ஒண்டில்லைத்தான்" என்றீர். "அவளுக்குப் போய் உந்த வித்தியாசத்தை விளங்கப்படுத்துங்கோ பாப்பம்."

மனுவைக் கொடுத்த அடுத்த கிழமை, வேலையிடத்தில் தலையிடிக்கிறது என்று கதிரையில் இருந்தீராம். பிறகு எழும்பவில்லை. மூளையில் ஓர் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மென்பொருளில் பிழை தேடுவது என் தொழில். அவர்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, அந்த வெடிப்பை முன்கூட்டியே எப்படிப் பரிசோதிப்பது என்று டொக்டரிடம் கேட்டுக்கொண்டு நின்றேன். அழவில்லை. இன்றுவரை அழவில்லை. சனம் சோற்றுப் பெட்டியோடு வந்து, "அழும், தம்பி" என்று சொல்லிவிட்டுப் போகிறது.

இன்று கோபம் வந்தது. அந்தக் குறிப்பை எழுதியவர்மேல், அங்கிள்மேல், உம்மேலும். கிரிக்கெட்டே நடக்குது என்று கேட்கத் தெரிந்த உமக்கு, அன்ரியைக் கூப்பிடுங்கோ என்று கேட்க ஏன் வாய் வரவில்லை?

புதுத் தாள் எடுத்துக்கொண்டு ஐந்தாம் மாடிக்குப் போனேன்.

"தம்பி, அவவே போயிட்டா. உது இனி என்னத்துக்கு?"

"பாலத்திலை திருப்பிவிட்ட சூடான் பிள்ளை இன்னும் உயிரோடை இருக்கிறாள், அங்கிள். அன்ரியைக் கூப்பிடுங்கோ."

"கொண்டாரும், நானே போட்டுத் தாறன்."

"உங்கட பேருக்கு நீங்கள் போடுங்கோ. அன்ரிக்கு அன்ரி போடட்டும்."

அன்ரி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கண்ணாடியைத் தேடி எடுத்து முழுவதையும் வாசித்தார். "முந்தியும் என்ர பேர் இதிலை இருந்ததே?"

"ஓம், அன்ரி."

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றார், அங்கிளைப் பார்த்து. கையெழுத்துப் போட்டார். உள்ளே போய்த் தன் தாயையும் கூட்டிவந்தார். அங்கிள் போடவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தம்பிக்குத் தலை பிசகிவிட்டது என்று எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார் போல. உம்முடைய அம்மாவும் என் அண்ணனும் மாறி மாறிக் கைபேசியில் அழைக்கிறார்கள். "படுத்துறங்கும், சாப்பிடும், அழும்" என்பார்கள். நீர் எனக்கு விட்டுப்போனது துக்கம் மட்டும்தான் என்று நினைக்கிறார்கள். இந்தக் கோபமும் உம்முடையதுதான். இதை நான் ஆறவிடப் போவதில்லை.

ஆறாம் மாடிக்கு ஏறிக்கொண்டிருக்கிறேன். கைபேசியை நிறுத்திவிட்டேன்.